நாம்பனுக்கும் வயிறு உண்டு: மாட்டுத்தீன் பங்கீட்டை முடிவுசெய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதியில் கால்நடை வளர்ப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து பங்கீட்டை முடிவுசெய்பவர்களுக்கும்,

சலுகை விலையில் தரும் மொலாசஸும் (கரும்புப் பாணி) தாது உப்புக்கட்டியும் இனிமேல் பால் கறக்கும் பசுக்களுக்கு மட்டுந்தான் என்று கடைசியாக நடந்த கூட்டத்தில் ஒரு கடதாசியை வாசித்தீர்கள். நாம்பன், அதாவது ஆண் மாடு, வளர்க்கிற எங்களுடைய பெயர்கள் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டன. ஏன் என்று பின்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பிக் கேட்டதற்கு, "இறைச்சிக்குப் போற மாட்டுக்கு அரசாங்கக் காசில தீன் போடேலாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதோடு கூட்டம் முடிந்தது. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். முணுமுணுப்போடு விடக்கூடிய விசயம் இல்லை இது என்று எனக்குப் படுகிறது, அதனால்தான் எல்லோரும் வாசிக்கட்டும் என்று வெளியில் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் மாடு வளர்க்கிறவன். அப்பாவின் காலத்தில் இருந்தே வீட்டில் பட்டி உண்டு. பசுவும் இருக்கிறது, நாம்பனும் இருக்கிறது, இரண்டும் ஒரே கொட்டிலில்தான் நிற்கின்றன. உங்கள் கடதாசி அந்தக் கொட்டிலின் நடுவே ஒரு கோடு கீறுகிறது. இந்தப் பக்கம் நிற்பதற்குத் தீன், அந்தப் பக்கம் நிற்பதற்கு இல்லை.

பால் வேண்டுமென்றால் பசு கன்று போட வேண்டும். போடுகிற கன்றில் பாதிக்குப் பாதி நாம்பன். இது நாங்கள் விரும்பிச் செய்கிற தெரிவு இல்லை. முன்பு நாம்பனுக்கு வேலை இருந்தது: உழவு, சூடு மிதிப்பு, வண்டில். இப்போது உழவுக்கு உழவு இயந்திரம், பாரத்துக்கு லாண்ட்மாஸ்ரர். சவாரி மாடு வளர்க்கிற சிலரைத் தவிர நாம்பனை வைத்து வேலை வாங்குகிறவர்கள் கிடையாது. பிறந்த நாம்பனை என்ன செய்வது என்பதற்கு உங்களிடமும் பதில் இல்லை. பால் உற்பத்தியைக் கூட்டச் சொல்லி எங்களைத் தூண்டுகிறீர்கள், சினைப்படுத்த வசதி செய்து தருகிறீர்கள், அது நல்லது, ஆனால் அந்தத் திட்டத்தால் பிறக்கிற கன்றுகளில் பாதியைக் கணக்கில் சேர்க்கவே மாட்டோம் என்கிறீர்கள்.

கணக்கில் சேராத நாம்பனுக்கு நடப்பதை உங்கள் வாகனத்தின் கண்ணாடி வழியாக நீங்களே பார்க்கலாம். பாலை முழுக்கக் கறந்துவிட்டுக் கன்றைத் தரவையில், வெறும் மேய்ச்சல் வெளியில், விடுகிறார்கள். கோடையில் தரவையில் மண்ணைத் தவிர ஒன்றும் கிடையாது. அது ஊருக்குள் வருகிறது, தோட்டத்துக்குள் போய் அடி வாங்குகிறது, பொலித்தீன் பை தின்கிறது, இரவில் ஏ9 வீதியில் படுத்துக்கிடந்து வாகனத்தில் அடிபடுகிறது. மோட்டார் சைக்கிளில் வந்து அதில் மோதிக் கால் முறிந்தவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பிழைத்து வளர்ந்ததை எலும்பும் தோலுமாகத் தரகர் வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருக்கிற சங்கடம் எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் மண்ணில் பசுவும் எருதும் வெறும் விலங்கு அல்ல, என் வீட்டிலேயே மாட்டிறைச்சி சமைப்பதில்லை. பட்டிப் பொங்கலுக்கு நாம்பனுக்கும்தான் மாலை போடுகிறோம். அறுப்பு வேண்டுமா வேண்டாமா என்பது இந்த நாட்டில் பெரிய வாதம், 2020இல் அமைச்சரவை வரைக்கும் போன வாதம், அதை இந்த மடலில் தீர்க்க நான் வரவில்லை. சாப்பிடுகிறவர்களும் எங்கள் அயலவர்கள்தான், கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சைவர்களில் பலரும். நான் கேட்பது அதற்கு முந்திய கேள்வி. உயிரோடு நிற்கிற மாடு பட்டினி கிடக்கலாமா? அது கடைசியில் எங்கே போகும் என்பதைக் காட்டி அதன் வாயில் இருந்து தீனைப் பிடுங்குவது எந்தச் சமயத்தில் தர்மம்? அறுப்புப் பிடிக்காதவருக்கும் இந்தத் தீர்மானம் பிடிக்கக்கூடாது என்றே சொல்வேன். ஏனென்றால் இதனால் ஒரு மாடும் அறுபடாமல் தப்பப் போவதில்லை, மெலிந்து அறுபடப் போகிறது, அவ்வளவுதான்.

2022 மார்கழியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயல் வந்த அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துக் கிடந்தன. என்ன நோய் என்று நாடே பயந்தது, இறைச்சியை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுபோகக்கூடாது என்று கொஞ்ச நாள் தடையும் போட்டார்கள், பிறகு குளிர்தான் காரணம் என்று வந்தது. குளிர் எல்லா மாட்டுக்கும் ஒரே குளிர்தான். ஆனால் வயிற்றில் தீன் இருக்கிற மாட்டுக்கு அந்தத் தீன் செமிக்கும்போதே சூடு கிடைக்கிறது, தோலுக்கடியில் கொஞ்சம் கொழுப்பும் இருந்தால் இரவைத் தாண்டிவிடும். கோடை முழுக்கக் காய்ந்து, முதல் மழைக்கு முளைத்த தண்ணிப் புல்லை மட்டும் மேய்ந்துகொண்டு நின்ற மாடு தாங்காது. அந்த மாரிக்குப் பிறகும் நாம்பனுக்குத் தீன் வேண்டாம் என்று ஒருவர் கையெழுத்து வைக்கிறார் என்றால் எனக்கு அது விளங்கவே இல்லை.

இனி மொலாசஸுக்கு வருகிறேன். இதை ஏதோ ஆடம்பரத் தீன் போல உங்கள் கடதாசி பேசுகிறது.

எங்களிடம் மலிவாக இருப்பது வைக்கல். தை மாசியில் அருவி வெட்டு முடிய வயலில் கிடக்கும், பாதியை எரித்தும் விடுகிறார்கள். வைக்கலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற கிருமிகள்தான் நாரை உடைத்து மாட்டுக்குச் சத்தாக்கித் தருகின்றன, அவை ஒழுங்காக வேலை செய்ய நூற்றுக்கு ஏழு பங்கு அளவிலாவது புரதம் உள்ள தீன் வேண்டும். அது இல்லாவிட்டால் மாடு வைக்கலைத் தின்றுகொண்டே மெலியும். வயிறு பெருத்து, முதுகெலும்பு தெரிய நிற்கிற மாடுகளைக் கோடையில் பாருங்கள், அவை தின்னாமல் மெலிந்தவை இல்லை. அந்தக் கிருமிக்கு வேண்டியது இரண்டு: கொஞ்சம் தழைச்சத்து, கொஞ்சம் சீனி. தழைச்சத்தை நாங்கள் இப்பிலிப்பில் குழை, சீமைக்கிளுவைக் குழை, புண்ணாக்கு, மிகக் கொஞ்சமாக யூரியா என்று எப்படியோ தேடிக்கொள்வோம். சீனிக்குத்தான் மொலாசஸ். கரும்பைப் பிழிந்து சீனி எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுத்தப் பாணி அது, அதில் ஏறக்குறைய பாதி இன்னமும் சீனிதான். சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பொசுபரசு குறைவு, அதனால் தாது உப்பும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பாணியைத் தண்ணியில் கரைத்து வைக்கலில் தெளித்தால், மிச்சம் வைக்கிற மாடு தொட்டியின் அடியை நக்கும்.

எவ்வளவு கேட்கிறோம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 200 கிலோ நாம்பன் ஒன்று ஒரு நாளைக்குத் தின்பது, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், 5 கிலோ அளவில். அதில் பத்தில் ஒரு பங்கு மொலாசஸ் என்றால் பாணியாக 650 கிராம். அதைவிடப் பெரிதாகக் கூட்டினால் சாணி இளகும், நாங்களே கூட்ட மாட்டோம். மொலாசஸ் தண்ணியைவிடப் பாரம், 200 லீற்றர் பரல் ஒன்றில் 280 கிலோ அளவு பிடிக்கும். அப்படிப் பார்த்தால் ஒரு பரல், நான்கு நாம்பன்களுக்கு மூன்றரை மாதம் காணும். ஆனி தொடங்கிப் புரட்டாதி நடுவரைக்கும், அதாவது எங்களுடைய கோடை முழுவதும். வளர்ந்த மாட்டை விற்க முன் தேற்றி எடுப்பதற்கும் ஏறக்குறைய இதே மூன்று மூன்றரை மாதம்தான் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பரல். இதைத் தரமுடியாது என்றுதான் அந்தக் கடதாசி சொல்கிறது.

நாட்டில் மொலாசஸ் இல்லையா? செவனகல, பெல்வத்த, ஹிங்குராணை சீனி ஆலைகளில் ஒவ்வொரு அறுவடைக்கும் வருகிறது. கந்தளாய் ஆலை ஓடியிருந்தால் எங்களுக்கு இன்னும் கிட்டவாக இருந்திருக்கும், அது மூடிக்கிடந்தே ஒரு தலைமுறை போய்விட்டது. வருகிற பாணியில் பெரும்பங்கு வடிசாலைக்குப் போகிறது, 2020இல் எத்தனால் இறக்குமதியை நிறுத்திய பிறகு அந்தப் போட்டி இன்னும் கூடிவிட்டது. சாராயத்துக்குப் போவதில் ஒரு சின்னப் பங்கை மாட்டுக்கு ஒதுக்கித் தரச் சொல்லி மேலிடத்தில் வாதாடுவது உங்கள் வேலை. நாங்கள் அங்கே போய்க் கேட்க முடியாது, எங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. நீங்களோ மேலே வாதாடாமல், கிடைத்த கொஞ்சத்தைக் கீழே எங்களுக்குள் பிரித்துவிட்டிருக்கிறீர்கள். பசு வைத்திருப்பவரும் நாம்பன் வைத்திருப்பவரும் முகம் பார்க்காமல் போகிற நிலைமை எங்கள் ஒழுங்கையில் வந்துவிட்டது.

சரி, நாம்பன் வளர்ப்பு வேண்டாம் என்பதுதான் உங்கள் கொள்கையென்றால், அதே மண்டபத்தில் மாட்டைக் கொழுக்க வைப்பது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி நடத்தியது எதற்கு? திரையில் பிரேசில் பண்ணைகளைக் காட்டினீர்கள். ஆயிரக்கணக்கில் மாடு, கரும்புச் சக்கை, சோளம், சேர்மானப் பவுடர். பிரேசிலில் சக்கை போடுகிறார்கள் என்றால், பண்ணைக்குக் கிட்டவே ஆலை இருக்கிறது, சக்கை அங்கே மலைபோலக் குவிந்து கிடக்கிறது. அதையும் சத்துக்காகப் போடுவதில்லை, சோளம் நிறையத் தின்கிற மாட்டின் வயிறு புளிக்காமல் இருக்கக் கொஞ்சம் நார் வேண்டுமே என்று போடுகிறார்கள். சத்தாக்க வேண்டுமென்றால் அழுத்த நீராவியில் அவிக்க வேண்டும், அதற்கு ஆலையின் கொதிகலன் வேண்டும். ஆலையில் இருந்து வருகிற பச்சைச் சக்கையில் பாதி தண்ணி, புரதம் நூற்றுக்கு இரண்டு பங்கு. அதை அம்பாறையில் இருந்து லொறி பிடித்துக் கொண்டுவந்தால் தண்ணிக்கும் சேர்த்து டீசல் காசு கட்டுவோம். எங்களுக்குச் சக்கை தேவையில்லை, அந்த இடத்துக்கு வைக்கல் இருக்கிறது, பனையோலை இருக்கிறது. எங்களிடம் இல்லாதது பாணி. இல்லாததை நிறுத்திவிட்டு, தேவையில்லாததைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள்.

காட்டுவதென்றால் கியூபாவைக் காட்டியிருக்கலாம். அங்கே 1960களின் கடைசியில் தானியம் இல்லாத நிலையில், டி. ஆர். பிரெஸ்டன் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், மொலாசஸையே முக்கிய தீனாக வைத்து, யூரியாவும் மீன் தூளும் கொஞ்சம் புல்லும் சேர்த்து நாம்பன்களைத் தேற்றிக் காட்டினார்கள். அதில் வந்த கெடுதியையும் மறைக்காமல் எழுதினார்கள். புல்லைக் குறைத்துப் பாணியை அளவுமீறிக் கொடுத்த இடங்களில் மாடு தள்ளாடியது, கண் தெரியாததுபோலச் சுவரில் முட்டியது, மூளையே பழுதானது. இதுதான் எங்களுக்கு வேண்டிய பாடம். எதுவரை போகலாம், எங்கே நிற்க வேண்டும். அந்த எல்லையைத் தெளிவாகச் சொல்லித் தருகிற ஒரு துண்டுக் கடதாசிகூட எங்கள் கைக்கு வந்ததில்லை.

இது ஏன் எனக்குக் கோபமாக வருகிறது என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் காணிக்காரர், வயதானவர், மனைவியும் அவரும்தான். யூரியா மொலாசஸ் கட்டி இரண்டு அவருக்குக் கிடைத்தது. கட்டியைச் சுற்றியிருந்த தாளில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறைய எழுதியிருந்தது, தமிழில் "மாட்டுத்தீவனம்" என்ற ஒரு சொல் மட்டும். மாடு நக்கட்டும் என்று பழைய இரும்புத் தாச்சி ஒன்றில் வைத்துக் கொட்டில் வாசலில் விட்டிருந்தார். பின்னேரம் மழை. கட்டி கரைந்து தாச்சி நிறையப் பிளேன்ரீ நிறத்தில் தண்ணி நின்றது. அதை இரண்டு நாம்பன்களும் வந்து உறிஞ்சிக் குடித்தன. அரை மணித்தியாலம் ஆகவில்லை, முதலில் காது துடித்தது, பிறகு தோல் முழுக்க நடுக்கம். வாயில் நுரை. இடப்பக்க வயிறு உப்பி, காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்றது, அப்படியே பக்கவாட்டில் விழுந்தது. அன்று சனிக்கிழமை, மிருக வைத்தியருக்கு எடுத்த அழைப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. இருட்ட முன் இரண்டும் முடிந்துவிட்டன. அவருடைய மனைவி ஒரு நாம்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் இருந்தா.

பிறகு விசாரித்தபோது ஒரு வைத்தியர் சொன்னார்: அந்த நேரத்தில் வினாகிரியும் குளிர்ந்த தண்ணியும் நிறையப் பருக்கியிருந்தால் தப்பியிருக்கக்கூடும். வயிற்றில் யூரியா அமோனியாவாக மாறி இரத்தத்தில் ஏறுவதைப் புளிப்பும் குளிரும் மந்தப்படுத்தும். ஒரு மாட்டுக்குச் சில லீற்றர் வேண்டும், அதையும் உடனடியாக. வினாகிரி எங்கள் எந்தக் கடையில் இல்லை? அக்கம்பக்கத்தில் ஓடிச் சேர்த்திருப்போம். யாருக்கும் தெரியாது, அதுதான் நடந்தது. மழை படாமல் வைக்க வேண்டும், நக்குவதற்கு மட்டுமே தவிரக் கரைத்துக் கொடுக்கக்கூடாது, வெறும் வயிற்று மாட்டுக்குக் காட்டக்கூடாது, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது, மொத்தத் தீனில் யூரியா நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது, 200 கிலோ நாம்பனுக்கு அது நாளைக்கு 50 கிராம்தான், அதுவும் பத்துப் பதினைந்து கிராமில் தொடங்கி மூன்று கிழமையில் மெல்ல ஏற்ற வேண்டும், வைக்கலை ஏற்கெனவே யூரியாவில் ஊறவைத்திருந்தால் மேலே சேர்க்கவே கூடாது. இவ்வளவுதான் விசயம். ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடிக்கலாம். அந்த ஒரு பக்கம் இல்லாமல் இரண்டு உயிர் போனது, அந்தக் குடும்பத்தின் ஒரு வருட நம்பிக்கையும் போனது.

இதன் பிறகு யூரியாவே வேண்டாம் என்று பலர் கைவிட்டுவிட்டார்கள். அது எனக்கு இன்னொரு கவலை. 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணியில் கரைத்துத் தெளித்து, தறப்பாளால் காற்றுப் புகாமல் மூடிச் சில கிழமை வைத்தால் வைக்கல் மெதுவாகி, மாடு கூடத் தின்று, நன்றாகவும் செமிக்கும். இந்த நாட்டிலேயே 1980களில் செய்து காட்டிய முறை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது நெல்லுக்கே யூரியா இல்லாமல் போனது, மாட்டை யார் நினைத்தார்கள். இப்போது யூரியா கிடைக்கிறது, ஆனால் பயம் விடவில்லை. அந்தப் பயத்தைப் போக்க ஊருக்கு வந்து ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

நீங்கள் விட்ட இடத்தை இப்போது வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். சந்தைப் பக்கத்தில் வெள்ளைப் பொலித்தீன் பையில், பெயர் இல்லாமல், தயாரித்தவர் யார் என்று இல்லாமல், "மாடு கொழுக்கிற பவுடர்" விற்கிறார்கள். தரகரே கொண்டுவந்து தருகிறார். உள்ளே என்ன? அப்பச்சோடாவாக இருந்தால் நல்லது, தானியம் கூடத் தின்கிற மாட்டுக்கு வயிற்றுப் புளிப்பை அது குறைக்கும். நொதியமாக இருந்தாலும் பரவாயில்லை, தாது உப்பாக இருந்தால் மிகவும் நல்லது. மொனென்சினாக இருந்தால்? அது நல்ல மருந்துதான், அமெரிக்காவில் 1970களின் நடுவில் இருந்து கொழுக்க வைக்கிற மாடுகளுக்குக் கொடுக்கிறார்கள், வயிற்றுக் கிருமிகளின் போக்கை மாற்றி அதே தீனில் கூடுதல் சத்தை எடுக்க வைக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்காக அதைத் தீனில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. கொடுக்கிற அளவு மில்லிகிராமில். நாங்கள் அளப்பது சிரட்டையில். அதோடு குதிரைக்கு அது நஞ்சு, உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே சாகக்கூடும். நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் இன்னும் மேய்கின்றன, அங்கேயும் பட்டி உண்டு, அங்கேயும் இந்தப் பை போகாது என்று யார் சொல்வது? கோழித்தீனில் இரத்தக் கழிச்சல் நோயைத் தடுக்க இந்த வகை மருந்து சேர்ப்பதுண்டு, மிஞ்சிய கோழித்தீனை மாட்டுக்குக் கொட்டுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். இறைச்சி சாப்பிடுகிறவரின் பக்கத்தில் இருந்தும் பாருங்கள். என்ன தின்ற மாடு, மருந்து நிறுத்தி எத்தனை நாள் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லையா? நாம்பன் வளர்ப்பை நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டதால் அது நிற்கவில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது.

இன்னொன்று. எங்கள் உழைப்பு வீணாகிற இடம் விற்பனை. தரகர் கண்ணால் பார்த்து விலை சொல்கிறார். நாற்பது கிலோ கூட்டியிருந்தாலும் "மாடு பரவாயில்லை" என்ற அளவில்தான் முடிகிறது. நான் இப்போது தையல்காரரின் நாடாவை வைத்து அளக்கிறேன்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையில் இருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,800ஆல் பிரித்தால் ஏறக்குறைய எடை வரும். சுற்றளவு 140, நீளம் 120 என்றால் 218 கிலோ. இதைக் கொப்பியில் எழுதிக் காட்டியபோது தரகர் முகம் மாறியது, விலையும் கொஞ்சம் ஏறியது. ஆனால் ஒருவர் நாடா பிடித்தால் போதாது, சந்தையில் தராசு வேண்டும்.

எனவே உங்களிடம் கேட்பது இவைதான்.

பங்கீட்டுக் கடதாசியைத் திரும்பப் பெறுங்கள். பால் மாட்டுக்கு முதலிடம் கொடுப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, கன்று போட்ட பசு முதலில் வாங்கட்டும். ஆனால் காதுத்தகடு போட்டுப் பதிந்த ஒவ்வொரு நாம்பனையும் பட்டியலில் சேர்த்து, நான்கு நாம்பனுக்கு ஒரு பரல் என்ற அளவிலாவது கோடைக்கு முன், வைகாசிக்குள், கிடைக்கச் செய்யுங்கள். இலவசமாக வேண்டாம். ஆலை விலையும் லொறிக் கூலியும் சேர்த்து என்ன வருமோ அதைக் கட்ட நாங்கள் ஆயத்தம், தனித்தனியாக அங்கிருந்து ஏற்றிக் கொண்டுவர முடியாது என்பதுதான் எங்கள் சிக்கல். சீனி ஆலைகளின் மொலாசஸில் தீனுக்கென்று ஒரு நிலையான பங்கை ஒதுக்கச் சொல்லி எழுத்தில் மேலிடத்தைக் கேளுங்கள், கேட்ட கடிதத்தின் பிரதியை எங்கள் சங்கங்களுக்கும் தாருங்கள்.

உங்கள் கையால் போகிற ஒவ்வொரு கட்டியிலும் மூட்டையிலும் தமிழில் முழு விளக்கமும் இருக்க வேண்டும்: என்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, நஞ்சேறினால் உடனே என்ன செய்வது. தமிழ் விளக்கம் இல்லாத தீனை இங்கே விநியோகிக்காதீர்கள். சனி, ஞாயிறிலும் எடுக்கக்கூடிய ஒரு மிருக வைத்தியத் தொலைபேசி இலக்கம் வேண்டும், அதைக் கட்டியின் தாளிலேயே அச்சடியுங்கள்.

பெயரில்லாத பவுடர்களைக் கடைகளில் இருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்க அனுப்புங்கள். என்ன இருந்தது என்பதைப் பிரதேச செயலகப் பலகையில் ஒட்டுங்கள். தடைசெய்ய வேண்டியதைத் தடைசெய்யுங்கள், பயன்படக்கூடியது இருந்தால் அளவு சொல்லித் தாருங்கள்.

வைக்கலை யூரியாவில் ஊறவைப்பதைத் தை மாசி அருவி வெட்டுக் காலத்திலேயே, மண்டபத்தில் அல்ல, வயல் கரையில் செய்து காட்டுங்கள். இடத்துக்கு என் காணியைத் தருகிறேன், வைக்கலும் என்னுடையது. மாடு விற்கிற இடங்களில் ஒரு தராசு வையுங்கள், எடைக்கு விலை என்ற பழக்கம் வரட்டும்.

செத்த அந்த இரண்டு நாம்பன்களுக்கும் இழப்பீடு கொடுங்கள். அந்த வயதானவர்கள் கேட்க மாட்டார்கள், அதனால் நான் கேட்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள், முடியாது என்றால் எது முடியாது, ஏன் முடியாது என்று ஒவ்வொன்றாகத் தாருங்கள். கூட்டத்தில் கேள்விக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள், இந்தமுறை நாங்கள் பின்வரிசையில் இருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தென்மராட்சியில் இருந்து ஒரு மாடு வளர்ப்பவன்